தூண்டில் பெட்டியை ஐப்பசியில் பூட்டுங்கள்

வெளிநாட்டு ஏரிகளில் மீன் பிடிக்கிறவர்களில் பலர் குளிர்காலம் வந்தால் தங்கள் செயற்கை இரைகளைக் கழுவித் துடைத்து, பெட்டியில் அடுக்கி, அடுத்த வசந்தம் வரை பரணில் ஏற்றிவிடுகிறார்கள். ஏரி உறைந்து கல்லாகிவிட்டால் ரப்பர் தவளையை எங்கே வீசுவது? நம் உத்திரமேரூர் ஏரி உறையப் போவதில்லை. மார்கழிப் பனிக்கு மப்ளர் கட்டிக்கொள்வதோடு நம் குளிர்காலம் முடிந்துவிடும். அதனால் நம் ஊர்ப் பிள்ளைகள், தூண்டில் பெட்டியை மூடி வைக்கும் காலம் என்று ஒன்று இங்கே கிடையாது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இருக்கிறது ஐயா. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. இந்த மூன்று மாதமும் செயற்கை இரை பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டி பூட்டியிருக்க வேண்டும். சாவி வீட்டுப் பெரியவர் இடுப்பில் இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்று சொல்லாமல் விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், என் வயதுக்காரர்களுக்காக இந்தச் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் காலத்துத் தூண்டில் ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் நைலான் நரம்பு, சோளத்தட்டையில் ஒரு தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு. விராலுக்கு என்றால் தவளைக் குஞ்சு. இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் கையில் இருப்பது மடக்கும் கம்பி, சுற்றும் ரீல், பின்னல் நூல், அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் கடையே இருக்கும். வாலாட்டும் ரப்பர் மீன், தகதகக்கும் தகட்டுக் கரண்டி, விசிறி மாதிரி சுழலும் ஸ்பின்னர், எல்லாவற்றுக்கும் ராஜாவாக ரப்பர் தவளை. உள்ளே காற்று நிறைந்த தவளை அது. முதுகோடு ஒட்டினாற்போல இரண்டு கொக்கி மேலே பார்த்து நிற்கும். தாமரை இலை மேலும் பாசி மேலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். விரால் கவ்வி அழுத்தினால் தவளை நசுங்கும், கொக்கி தாடையில் ஏறும். நூறு ரூபாயிலிருந்து பல நூறு ரூபாய் வரை விலை. கூரியர்காரர் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்.

இதை நான் வெறுக்கவில்லை. நியாயமாகப் பேசினால், ரப்பர் தவளை ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறது. உயிர்த் தவளையின் முதுகில் கொக்கி குத்தித் தண்ணீரில் துடிக்க விட்ட பழக்கம் குறைந்தது அதனால்தான். தவளைக் கால் ஏற்றுமதிக்காக நாடு முழுக்கத் தவளைகளைப் பிடித்துத் தள்ளி, வயலில் பூச்சி தின்ன ஆளில்லாமல் போய், கடைசியில் 1987ல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியையே நிறுத்தியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வகையில் ரப்பர் தவளைக்கு ஒரு நன்றி சொல்லலாம். என் சண்டை அந்தப் பொருளோடு இல்லை, அதை வீசும் மாதத்தோடு.

மாதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் விராலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் லட்சக்கணக்கில் முட்டையிடும் சாதி. முட்டையிட்டதும் போய்க்கொண்டே இருக்கும், திரும்பிப் பார்க்காது. அதுவும் ஓடுகிற ஆற்று வெள்ளத்தில்தான் முட்டையிடும், தேங்கிய ஏரித் தண்ணீரில் இடாது. அதனால்தான் பண்ணையில் ஊசி போட்டு முட்டையிட வைக்கிறார்கள். கட்டாக்கில் ஹிராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி 1957 ஜூலை 10ஆம் தேதி அதைச் செய்துகாட்டினார். இன்றைக்கும் அந்தத் தேதியைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆக, ஏரியில் நாம் பார்க்கும் பெரிய கெண்டைகள் எல்லாம் யாரோ காசு கொடுத்து வாங்கி விட்ட குஞ்சுகள். பிடித்துத் தீர்ந்தால் மறுபடி வாங்கி விடுவார்கள்.

விரால் அப்படி இல்லை. நம் பக்கத்து ஏரிகளில் விரால் குஞ்சு வாங்கி விடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. தானாக இருக்கிறது, தானாகப் பெருகுகிறது. மழை வந்து புதுத் தண்ணீர் ஏறியதும் ஆணும் பெண்ணுமாகக் கரையோரப் புல்லையும் பாசியையும் ஒதுக்கி, வட்டமாக ஒரு இடத்தைச் சுத்தம் பண்ணும். அங்கே முட்டை மிதக்கும். லட்சம் எல்லாம் இல்லை, ஆயிரக் கணக்குத்தான். குறைவாகப் பெறுவதால் காவல் காக்கிறது. முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வந்த பிறகும் வாரக்கணக்கில் விடாமல் கூடவே சுற்றும். குஞ்சுகள் செக்கச் செவேலென்று ஒரே கூட்டமாகப் போகும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றும் குடிக்க வேண்டும். ஆகவே குஞ்சுக் கூட்டம் முழுக்க ஒன்றாக மேலே வந்து வந்து போகும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கொதிப்பது போலத் தெரியும். கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதில்லை. அந்தச் சிவப்புக் கூட்டத்துக்கு அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். கெண்டை, கெளுத்தி, தண்ணீர்ப் பாம்பு, தவளை எது கிட்டே வந்தாலும் பாய்ந்து விரட்டும்.

இப்போது புரிந்திருக்கும். அந்தக் கொதிக்கிற இடத்தின் மேல் ஒரு ரப்பர் தவளையை வீசி, டப் டப்பென்று குஞ்சுகளுக்கு நடுவே இழுத்தால் என்ன ஆகும்? பசி இருக்கிறதோ இல்லையோ, விரால் பாய்ந்தே தீரும். தன் பிள்ளையை மிதிக்க வந்தவனை அடிக்க வருகிறது அது. மண்புழுவை வேண்டாம் என்று ஒதுக்குகிற விரால்கூட இந்த நேரத்தில் தவளையை விடாது. இதைத்தான் வீடியோக்களில் பெரிய ரகசியம் போலச் சொல்லிக்கொடுக்கிறார்கள். "குஞ்சுப் பந்தைக் கண்டுபிடி, அதற்கு அந்தப் பக்கம் போடு, பத்துத் தடவை போட்டால் ஒரு தடவை அடிக்கும்" என்று. திறமை என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் காலை நடையாகக் கலங்கல் பக்கம் போகிறவன். போன மழைக்காலத்தில் இரண்டு பையன்கள் மடையோரம் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். ஏழெட்டு வீச்சுக்குள் அடித்துவிட்டது, முழங்கை நீள விரால். போட்டோ எடுத்தார்கள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்புக் கூட்டம் கலைந்து இரண்டாகி, மூன்றாகி, ஓரத்தில் ஜிலேபிகள் தண்ணீரைச் சுண்டிச் சுண்டி எடுத்துக்கொண்டிருந்தன. "தம்பி, இது பிள்ளை மேய்க்கிற மீனாச்சே" என்றேன். "ஒரே ஒரு மீனு தானே சார்" என்றான் ஒருவன். மரியாதையான பிள்ளைதான், கம்பியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினான். ஆனால் அவன் பிடித்தது ஒரு மீன் இல்லை. ஒரு குடும்பத்தைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டுப் போனான்.

"நாங்கள் கொல்வதில்லை, போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பி விட்டுவிடுவோம்" என்று சில பிள்ளைகள் சொல்கிறார்கள். மற்ற மாதங்களில் நல்ல பழக்கம். குஞ்சு காலத்தில் அதுவும் உதவாது. கொக்கி கழற்ற, அளவு பார்க்க, நாலு கோணத்தில் படம் எடுக்க ஐந்து பத்து நிமிஷம் ஆகிறது. குஞ்சைத் தின்ன வருகிற மீனுக்கு அந்த நேரம் தாராளம். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் பாஸ் என்று ஒரு மீன் உண்டு. அங்கே ஆண் மீன்தான் கூட்டைக் காக்கும். அது காவல் காக்கும் வசந்த காலத்தில் பெரும்பாலான இடங்களில் அதைப் பிடிக்கவே கூடாது. ஜூன் மாதக் கடைசி வாரங்களில்தான் பருவம் திறக்கும். காவல் மீனைக் கொஞ்ச நேரம் அப்புறப்படுத்தினாலே கூடு சூறையாடப்படுகிறது என்பதை அங்கே ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். நம் பையன்கள் பார்க்கும் வீடியோக்களில் பாதி அந்த நாட்டுப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. வீசுவதைக் கற்றுக்கொண்டவர்கள், நிறுத்துவதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் மழை தொடங்கியதும் மீன்கள் முட்டையிட வயலுக்கும் ஓடைக்கும் ஏறி வருவதை "ஊத்த" என்பார்கள். அந்த நேரத்தில் அவற்றைப் பிடிப்பது அங்கே சட்டப்படி குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. நம் சொந்தக் கடலிலேயே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. 2017க்கு முன்னால் 45 நாளாக இருந்தது, போதாது என்று கூட்டினார்கள். கடல் மீன்தான் வயிற்றுப் பிழைப்பு என்றிருக்கிற காசிமேட்டுக்காரர் இரண்டு மாதம் படகைக் கட்டிப்போடுகிறார். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிற நாம் மூன்று மாதம் ஒரு பெட்டியைப் பூட்ட மாட்டோமா?

ஏரிக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1897லேயே வந்த மீன்வளச் சட்டம், தண்ணீரில் வெடி போடுவதையும் விஷம் கலப்பதையும் குற்றம் என்கிறது. ஆனால் மடையோரம் ரப்பர் தவளை வீசுகிற பையனைப் பிடிக்கப் போலீஸ் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வரவும் வேண்டாம். ஊர்க்கட்டுப்பாடு என்று ஒன்று இருந்தால் போதும்.

அது நடக்குமா என்று கேட்பவர்களை வேடந்தாங்கலுக்கு அனுப்புவேன். நமக்கு எவ்வளவு தூரம் அது? பறவைகளைச் சுடக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டு, செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் 1790களின் கடைசியில் அதற்கு உத்தரவு கொடுத்தார். வனத்துறை, சரணாலயம் என்பதெல்லாம் பின்னால் வந்தவை. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் ஏறியது 2022ல்தான். இருநூறு வருஷத்துக்கு மேலாகக் காவல் காத்தது ஊர் ஜனம். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்பதில்லை. பக்தி என்று மட்டும் நினைக்காதீர்கள், கணக்கும் உண்டு. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கிருந்தோ பறந்து வருகிற பறவைக்காக ஒரு ஊரே தீபாவளி வெடியை விட்டுக்கொடுக்கிறது. நம் ஏரியிலேயே பிறந்த மீனுக்காக நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது ஒரு ரப்பர் பொம்மை.

நம் ஊர்ப் பெருமையையும் கொஞ்சம் பேசிவிடுவோம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமர் நம் ஊர்க் கல்வெட்டைச் சொன்னபோது ஊரே பூரித்துப் போனது. நானும்தான். வெளியூர்க்காரர் யார் வந்தாலும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டிக் குடவோலைக் கதை சொல்கிறோம். 919, 921ஆம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய அந்தக் கல்லில் ஏரி வாரியம் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி எத்தனை பேர் நின்று படிக்கிறோம்? ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே 6 பேர், குடவோலையில் தேர்ந்தெடுத்து, 360 நாள் பதவி. கணக்குக் காட்டாதவனுக்கு அடுத்த முறை இடமில்லை. அந்த ஏரிக்கு அதற்கும் முன்னால் பல்லவர் காலத்திலேயே வைரமேகத் தடாகம் என்று பெயர். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் காத்த ஏரி இது. இன்றைக்கு அதன் வாரியம் யார்? நாம்தான். வேறு ஆள் இல்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் இன்னும் இரண்டு விஷயம் சொல்வார்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"மீன்பாசி ஏலம் எடுத்தவர் கோடையில் வலை போட்டு டன் கணக்கில் அள்ளுகிறாரே, அவரைக் கேட்டீர்களா?" கேட்கலாம். ஆனால் அவர் அள்ளுவது பெரும்பாலும் தண்ணீர் வற்றும் காலத்தில், அதுவும் அவரே காசு போட்டு விட்ட கெண்டை. வலையில் விராலும் விழத்தான் செய்யும். ஆனாலும் சேற்றுக்குள் புதைந்தும் மதகுப் பள்ளத்தில் பதுங்கியும் கொஞ்சம் விரால் தப்பிக்கும். காற்றுக் குடிக்கிற மீன் என்பதால் அதனால் முடிகிறது. அப்படிக் கோடையைத் தாண்டிப் பிழைத்த மீன்தான் மழையில் முட்டையிடுகிறது. வலையில் தப்பியதைத் தூண்டிலில் பிடித்துவிட்டால் அடுத்த வருஷத்துக்கு மிச்சம் என்ன?

"நம் முன்னோர்கள் மழையில் மீன் பிடிக்கவில்லையா?" பிடித்தார்கள். கோடி போகும்போது பறி வைத்தார்கள், வாய்க்காலில் ஊத்தா போட்டுக் கவிழ்த்தார்கள். அவர்களை நான் மகான்களாக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு வயல் முழுக்க மீன் இருந்தது. குட்டையில் இருந்தது, கிணற்றில் இருந்தது. பூச்சிமருந்து வயலுக்குள் வராத காலம் அது. ஜிலேபியே இந்தியாவுக்கு வந்தது 1952ல்தான். ஆப்பிரிக்கக் கெளுத்தி அதற்கும் பின்னால் வந்து, அரசு தடை போட்ட பிறகும் திருட்டுத்தனமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு விரால் குஞ்சுக்குச் சுற்றிலும் எதிரி. தாத்தா பத்து எடுத்தபோது மிச்சம் நூறு இருந்தது. பேரன் ஒன்று எடுக்கும்போது மிச்சம் எத்தனை என்று சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஆபரேஷன் ஆனவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் குழம்பு வைத்துக் கொடுத்த நாட்டு விரால் இன்றைக்கு என்ன விலை, அதுவும் கிடைக்கிறதா என்று.

சரி, பூட்டி வைக்கச் சொன்னால் மட்டும் போதாது, எப்படி வைப்பது என்றும் சொல்ல வேண்டும். "மூணு மாசம் வச்சா கெட்டுப்போயிடும் தாத்தா" என்று என் பேரனே என்னிடம் சொன்னான். ஒழுங்காக வைக்காவிட்டால் கெடும்தான். நம் மழைக்கால ஈரத்துக்கு அந்தச் சாமான் மெய்யாகவே தாங்காது. அவனோடு உட்கார்ந்து பெட்டியைக் கொட்டி, ஒவ்வொன்றாகச் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை கழுவுவது. நல்ல தண்ணீரில் சேறும் பாசியும் போகக் கழுவி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் ரப்பர் இளகி, சாயம் வெளுக்கும். ரப்பர் தவளைக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். கொக்கி நுழைகிற ஓட்டை வழியாக உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கும். அதை அமுக்கிப் பிழிந்து, ஓட்டை கீழே பார்க்கும்படித் தொங்கவிட வேண்டும். தண்ணீர் தேங்கிய தவளை மார்கழிக்குள் பூஞ்சை பிடித்து நாறும், கொக்கியும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

இரண்டாவது, ரப்பர் மீனையும் ரப்பர் புழுவையும் அவை வந்த உறையிலேயே வைப்பது. இந்த மெத்தென்ற இரையில் பிளாஸ்டிக்கை இளக்கும் எண்ணெய் மாதிரி ஒரு பொருள் கலந்திருக்கிறது. அந்த மெத்தனமே அதனால் வருவதுதான். அது மெல்ல மெல்லக் கசிந்து பக்கத்தில் இருக்கும் வேறு பிளாஸ்டிக்கையும் இளக்கும். கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றாகப் போட்டால் கறுப்பு வெள்ளையில் ஏறிவிடும். வேறு வேறு கம்பெனி ரப்பரைச் சேர்த்து வைத்தால் சில சமயம் எல்லாம் உருகி ஒரே களியாகிவிடும். பெயின்ட் அடித்த கட்டி மீனின் மேல் ரப்பர் புழு கிடந்தால் பெயின்ட் கொப்பளிக்கும். மலிவான கண்ணாடி மாதிரிப் பெட்டிகள் அடியே இளகிப்போகும். ஆகவே ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், வால் மடங்காமல் நேராக இருக்கட்டும். மடங்கியபடி மூன்று மாதம் கிடந்தால் மடங்கியபடியே நின்றுவிடும், அப்புறம் தண்ணீரில் நேராக நீந்தாது.

மூன்றாவது, கொக்கி. துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விரலில் எடுத்துத் தடவினால் போதும். எண்ணெய் ரப்பரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு துருக்கொக்கி இருந்தாலும் அதைக் கழற்றிவிடுங்கள். ஈரப் பெட்டிக்குள் அந்தத் துரு மற்றதிலும் கறையாக ஏறும். செருப்பு டப்பாவிலும் மாத்திரை டப்பாவிலும் வருகிற சின்ன வெள்ளைப் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் நாலைந்து சேர்த்துப் பெட்டியில் போட்டால் ஈரத்தை உறிஞ்சும். அந்துருண்டை போடாதீர்கள். வாசனை ஏறிவிடும், சில வகைப் பிளாஸ்டிக்கை அது இளக்கவும் செய்யும்.

நான்காவது, இடம். தகர ஷீட்டுக்கு அடியில் உள்ள பரண் வேண்டாம். பைக் டிக்கி வேண்டவே வேண்டாம், மழை விட்ட ஒரு நாள் வெயிலிலேயே உள்ளே எல்லாம் வெந்துவிடும். மர அலமாரியின் நடுத்தட்டு நல்லது. கைக்குழந்தை உள்ள வீடென்றால் பூட்டு கட்டாயம், மூன்று முனைக் கொக்கி அது. இப்படி வைத்தால் தைப் பொங்கலன்று திறக்கும்போது புதுசு மாதிரி இருக்கும். நாங்கள் வைத்த பெட்டி அப்படித்தான் இருந்தது.

பெட்டியைக் கொட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. எட்டு ரப்பர் வால், இரண்டு தவளை, சில ஈயத் தலை குறைந்திருந்தன. எங்கே என்றேன். "மாட்டி அறுந்துபோச்சு தாத்தா." அறுந்தது எங்கே போகும்? ஏரியில்தான் கிடக்கும். மண்புழு மக்கும், ரப்பர் மக்காது. பின்னல் நூல் தாமரைத் தண்டில் சுற்றிக் கிடந்து, இரை தேட வருகிற நாரையின் காலையும் நீர்க்காகத்தின் கழுத்தையும் சுற்றும். வேடந்தாங்கலில் தங்குகிற பறவைகள் அந்த ஒரு ஏரியிலேயே சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதில்லை. சுற்றுவட்டார ஏரிகளில்தான் இரை எடுக்கின்றன. அவை வந்து குஞ்சு பொரிப்பதும் இதே மழைக்காலத்தையும் பனிக்காலத்தையும் ஒட்டித்தான். ஈயத்தை விழுங்கி அன்னப்பறவைகள் செத்ததால் இங்கிலாந்தில் தூண்டிலுக்கான சின்ன ஈய எடைகளில் பெரும்பாலானவற்றை 1987லேயே தடை செய்துவிட்டார்கள். நம் ஏரியில் மூன்று மாதம் தூண்டில் விழாவிட்டால் விராலோடு நாரையும் பிழைக்கும். ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் விழுகிற நேரத்தில் பாசி வழுக்கும் கல்லில் நின்று கம்பி வீசும் பிள்ளைகளும் பத்திரமாக வீட்டில் இருப்பார்கள். இதைச் சொல்லும்போது வீட்டுப் பெண்கள் எல்லாரும் என் கட்சி.

இந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு நாள் முழுக்க செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட ஏரிக்கரையில் நிற்பது ஆயிரம் மடங்கு மேல் என்பேன். ஏரியில் என்ன மீன் இருக்கிறது என்று தெரிந்த கடைசித் தலைமுறை இவர்கள்தானோ என்று கூட எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். சிவப்புக் குஞ்சு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். நாம் திண்ணையில் உட்கார்ந்து "அந்தக் காலத்துல" என்று பேசினோமே ஒழிய, அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவில்லை. வீடியோக்காரன் காட்டிவிட்டான், அவனுக்குத் தெரிந்த விதத்தில்.

ஆகவே என் வயதுக்காரர்களே, வேலை நம்முடையது. ஐப்பசி பிறந்ததும் பேரனைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். திட்டாதீர்கள். பெட்டியைக் கொட்டிக் கழுவி, துடைத்து, உறையில் போட்டு அடுக்குங்கள். கூடவே விரால் கதையைச் சொல்லுங்கள். ஒரு காலையில் கரைக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொதிக்கிற இடத்தைக் காட்டுங்கள். அடியில் நிற்கிற இரண்டு நிழலைக் காட்டுங்கள். அதைப் பார்த்த பிள்ளை அதன் மேல் தவளை வீச மாட்டான் என்று நான் நம்புகிறேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்போம், பெட்டியும் அன்றைக்குத் திறக்கட்டும். தைக்குப் பிறகும் எங்காவது சிவப்புக் கூட்டம் கண்ணில் பட்டால் அந்த இடத்தை மட்டும் விட்டு நூறு அடி தள்ளிப் போய் வீசட்டும்.

இதில் தப்பு இருக்கிறது என்று நினைப்பவர்கள் காலை ஆறு மணிக்குக் கலங்கல் பக்கம் வாருங்கள். நான் அங்கேதான் நடந்துகொண்டிருப்பேன். சண்டையை நடந்துகொண்டே போடலாம்.